ருமேனியாவில் நான் நடத்திய எலெக்ஷன்

எலெக்ஷன் வேலையில் எனக்குச் சமமான ஆள் ஹட்டனில் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. (ஊர் மறந்துபோன நேரத்தில் மட்டும் நானே ஞாபகப்படுத்துவேன்.) நான் ஆதரித்தவர்களிலும் தோற்றவர்கள் உண்டு என்று என் சம்சாரம் செல்லம்மா குறுக்கே பேசுவாள். அவர்களெல்லாம் நான் சொன்னபடி செய்யாதவர்கள்.

இலங்கை மலைநாட்டில், வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன் நான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. சீமெந்து மூட்டை சுமந்தேன், பிறகு சீமெந்து விற்றேன், இன்றைக்கு ஹட்டன் டவுனில் மாடி வைத்த ஹார்ட்வெயார் கடை. யார் எலெக்ஷன் கேட்டாலும் முதல் கும்பிடு என் கடை வாசலில்தான். அப்பேர்ப்பட்ட நான் ஒரு வெளிநாட்டு எலெக்ஷனைக் குழப்பிவிட்டு வந்தேன் என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. "குழப்பி" என்பது மகள் புஷ்பாவின் சொல். "நடத்தி" என்பதுதான் சரி.

புஷ்பா ருமேனியாவில் ஒரு கார்மென்ட் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அவளைப் பார்க்கத்தான் போனேன். என் உடுப்புக்கு ஒரு சின்னப் பை, நம்ம ஊர்த் தேயிலையை அடைத்த காகிதப் பக்கெட்டுகளுக்கு இரண்டு பெரிய பெட்டி. ஃபேக்டரியில் அத்தனை பேருக்கும் கொடுத்து, "புஷ்பாவோட அப்பா பெரிய ஆள்" என்று பேச வைக்க வேண்டும் என்று எண்ணம்.

அவள் குடியிருந்த மாடி அறையின் வீட்டுக்காரி எலேனா அம்மா. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நான் போன நேரம் அந்தச் சின்ன ஊருக்கு மேயர் தேர்தல்; அந்த அம்மாவும் நிற்கிறார்! மகளைப் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு வேலை காத்திருந்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

முதலில் நாட்டு நடப்பை விளங்கிக்கொள்வோம் என்று பக்கத்து வீட்டு இயோன் தாத்தாவிடம் போய் உட்கார்ந்தேன். ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர் பேசப் பேச புஷ்பா தமிழில் சொன்னாள்.

"கம்யூனிஸ்ட் காலத்துல ஓட்டுச் சீட்டுல கட்சி குடுத்த பேருதானாம்பா. எல்லாரும் வரிசையா போய்ப் போட்டுட்டு வந்துருவாங்களாம்."

"இதுல என்னா அதிசயம்? நம்ம லயத்துலயும் யூனியன் தலைவர் ஒரு நம்பர சொல்லுவாரு, லொறி வரும், ஏறுவோம், போடுவோம். அப்ப நாமளும் கம்யூனிஸ்ட்டா?"

தாத்தா தொடர்ந்தார். அப்போது வேலை இருந்ததாம், வாய் திறக்கத்தான் பயமாம். இப்போது என்ன வேண்டுமானாலும் பேசலாமாம், கேட்கத்தான் ஆளில்லையாம். பிள்ளைகள் எல்லாம் இத்தாலிக்குப் போய்விட்டார்களாம். இப்போதைய மேயர் அந்தக் காலத்தில் கட்சிக்காரர். ஆட்சி விழுந்த மறுநாளே ஜனநாயகக்காரர். ஆள் அதே ஆள், நாற்காலியும் அதே நாற்காலி, சுவரில் மாட்டியிருந்த படம் மட்டும் மாறியதாம்.

"அப்ப இவருக்குக் கோவமா, சந்தோஷமா? கேளு."

"ரெண்டுமாம்."

எனக்குத் தலை சுற்றியது. அந்த நேரம் தாத்தா வீட்டுக்குள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து காட்டினார். மறுபடியும் நிற்கிற அந்த மேயர் வீடு வீடாகக் கொடுத்ததாம். உள்ளே எண்ணெய், சீனி, மாவு. வெளியே மேயரின் பெயர். வாளியைத் தட்டிப் பார்த்தேன். கனமான பிளாஸ்டிக், இறுக்கமான மூடி. (தொழில்காரனாகச் சொல்கிறேன், முதல் தரம்.) எனக்குக் குழப்பம் தெளிந்துவிட்டது. கம்யூனிசமாவது ஜனநாயகமாவது, இது எனக்குத் தெரிந்த எலெக்ஷன்! எங்கள் பக்கம் கூரைத் தகரம், குடை, இளைஞர்களுக்கு வொலிபோல் வலை. இங்கே வாளி.

"நம்ம அம்மா என்னா குடுக்குறாங்க?" என்று புஷ்பாவிடம் கேட்டேன்.

"நோட்டீஸ்."

"நோட்டீஸ வச்சு அடுப்பா பத்த வைக்கிறது?"

"அப்பா, ஓட்டுக்கு நான் ஒண்ணும் தரமாட்டேன், யாரு தந்தாலும் வாங்காதீங்கன்னு அதுல போட்டிருக்கு. அத மட்டுஞ் சொல்லித்தான் நிக்கிறாங்க. வேற பலம் ஒண்ணும் இல்ல அவங்களுக்கு."

நான் சிரித்துக்கொண்டேன். பிள்ளைக்கு அரசியல் தெரியாது. எங்கள் பக்கம் எந்த வேட்பாளர்தான் தன் கையால் கொடுக்கிறார்? மேடையில் "நான் ஒன்றும் தரமாட்டேன், உழைப்பைத்தான் தருவேன்" என்பார். அதைக் கேட்ட ஆதரவாளன் குறிப்பறிந்து பின்வாசலால் தகரத்தை இறக்குவான். நானே இறக்கியிருக்கிறேன். பாவம், எலேனா அம்மாவுக்குக் குறிப்பறிகிற ஆள் இல்லை. அந்த ஆள்தான் ஹட்டனிலிருந்து வந்து இறங்கியிருக்கிறானே!

மறுநாள் புஷ்பா வேலைக்குப் போனாள், எலேனா அம்மா ஏதோ கூட்டத்துக்குப் போனார். நான் ஒவ்வொரு தேயிலைப் பக்கெட்டிலும் ஒரு நோட்டீஸைச் சுற்றி இறப்பர் பேண்ட் போட்டேன். அந்த அம்மா சந்தைக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டியில் அடுக்கினேன். தலையில் குரங்குத் தொப்பி, மேலே கோட். கதவைத் தட்டுவேன், கும்பிடுவேன், "எலேனா!" என்பேன், பக்கெட்டை நீட்டுவேன். மொழி எதற்கு? ஒரு பெண் என்னைப் பிச்சைக்காரன் என்று நினைத்து ரொட்டி கொடுத்தாள். (வாங்கிக்கொண்டேன். சூடான ரொட்டி.) இயோன் தாத்தா இரண்டு பக்கெட் எடுத்துக்கொண்டார். ஒரு வீட்டில் வாட்டசாட்டமான ஒருவர் என் தோளில் கை போட்டு, சிரித்து, பக்கெட்டையும் நோட்டீஸையும் உயரத் தூக்கிப் பிடித்து என்னோடு போட்டோ எடுத்தார். இந்த ஓட்டு உறுதி என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அவர் மேயரின் மருமகன் என்பது சாயங்காலம் தெரிந்தது. அதற்குள் போட்டோ ஃபேஸ்புக்கில் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. "வாளி வேண்டாம் என்ற டீச்சர் தேயிலை தருகிறார்" என்று மேலே எழுதியிருந்தார்களாம். என் குரங்குத் தொப்பிக்குத் தனியாகப் பகிடியும் சிரிப்பும்.

புஷ்பா கதவைப் படாரென்று திறந்தாள்.

"என்னாப்பா செஞ்சு வச்சிருக்கீங்க? மானமே போச்சு அவங்களுக்கு! அந்த மேயரே இனி அவங்கள லஞ்சக்காரின்னு கை நீட்டிப் பேசுவான்!"

பின்னால் எலேனா அம்மா, போட்ட கோட்டைக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். புஷ்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எங்க ஊரு ஆளுங்கள இம்புட்டு மலிவாவா நெனச்சீங்கன்னு கேக்குறாங்க."

"மலிவா? மரியாதைன்னு சொல்லும்மா! ஒருத்தர் வீட்டு வாசலுக்கு வெறுங்கைய வீசிக்கிட்டா போறது?"

அந்த அம்மா அடுத்த கேள்வியைப் போட்டார்.

"மரியாதைன்னா, எலெக்ஷன் இல்லாத வருஷமும் கொண்டுபோவீங்களான்னு கேக்குறாங்க."

எலெக்ஷன் இல்லாத வருஷம் எத்தனை தகரம் இறக்கினேன் என்று விரல் மடக்கி எண்ணப் பார்த்தேன். ஒரு விரலும் மடங்கவில்லை.

அடுத்த நாள் காலையில் எலேனா அம்மா சர்ச் முன்னால் இருந்த சதுக்கத்தில் ஒரு மேசையைப் போட்டார். பக்கத்தில் நான். ஓடிவிடலாம் என்று பார்த்தேன். புஷ்பா என் கோட்டைப் பிடித்திருந்தாள். அந்த அம்மா, வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்திடம் சொன்னார்: "தேயிலை என் வீட்டிலிருந்துதான் வந்தது. நான் அனுப்பவில்லை, ஆனால் என் பெயர் அதில் இருக்கிறது. தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள்."

முதலில் இயோன் தாத்தா வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார். ஒரு பக்கெட் முழுசு, ஒன்று பிரித்தது.

"குடிச்சிட்டேங்கிறாரு. குடிச்சதுக்கு என்னா செய்யணுமாம்?" என்றாள் புஷ்பா.

எலேனா அம்மாவே திணறிப்போய், "குடித்தது குடித்ததாக இருக்கட்டும், ஓட்டு உங்கள் இஷ்டம்" என்றார். தாத்தா தலையைச் சொறிந்தார். "அந்தக் காலத்துல இஷ்டம்னு ஒண்ணு இல்லாததால இந்தத் தொல்லையும் இல்லியாம்பா."

பிறகு ஆட்கள் வந்தார்கள். சிலர் பக்கெட்டை வைத்துவிட்டு முகம் கொடுக்காமல் போனார்கள். ஒரு ஆள் தூரத்தில் நின்றபடி, "தேயிலை நல்லாயிருக்கு, நான் தரமாட்டேன், இதுக்காகவே ஓட்டுப் போடுவேன்" என்று கத்தினார். எலேனா அம்மா தலையில் கை வைத்தார். அப்புறம் அந்த ரொட்டி கொடுத்த பெண் வந்தாள். ஒரு கையில் தேயிலை, மறு கையில் மேயரின் வாளி. இரண்டையும் மேசையில் வைத்தாள். வாளிக்குள்ளே எட்டிப் பார்த்தேன். காலி.

"எண்ணெய் பொரியலுக்குப் போயிருச்சாம்பா. வாளியாவது இருக்கட்டுமாம்."

அதைப் பார்த்து இன்னும் சிலர் வீட்டுக்குப் போய் வாளி கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் காலி வாளி. ஒன்றில் மட்டும் பாதி மாவு. மத்தியானத்துக்குள் மேசைக்குக் கீழே வாளிக் குவியல். எலேனா அம்மா அதைப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். புஷ்பா முறைத்தாள், வாயை மூடிக்கொண்டேன்.

தேர்தல் நாளன்று நான் வாசலைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. ஜன்னலில் உட்கார்ந்து ஊர் போவதையும் வருவதையும் பார்த்தேன். லொறி இல்லை, தலைவர் இல்லை, ஒவ்வொருத்தரும் தனித்தனியாகப் போனார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

எலேனா அம்மா ஜெயித்தார். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்தான், ஆனாலும் ஜெயித்தார். வீடு நிறைய ஆட்கள், கேக், பாட்டு. அவர் மட்டும் என் எதிரே வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டார். திருப்பிக் கொடுத்தவர்கள் ஓட்டுப் போட்டார்களா, திருப்பிக் கொடுக்காதவர்கள் போட்டார்களா? தேயிலை ஜெயிக்க வைத்ததா, மன்னிப்புக் கேட்டது ஜெயிக்க வைத்ததா? எல்லாமே ரகசிய ஓட்டு. கணக்கு டீச்சருக்கே கணக்கு விளங்கவில்லை. கடைசியில் என்னைச் சுட்டிக்காட்டி ஒன்று கேட்டார். புஷ்பா சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்: "நான் ஜெயிச்சது உங்களாலயா, உங்கள மீறியான்னு கேக்குறாங்க."

என்னாலேதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் ஒரு துண்டு கேக்கை வாயில் போட்டுக்கொண்டேன்.

புஷ்பா அன்றே இதைச் செல்லம்மாவுக்கு ஃபோனில் சொல்லிவிட்டாள். அதிலிருந்து என் வீட்டில் எனக்கு நிம்மதி போயிற்று. கடையில் வியாபாரம் கூடிவிட்டது என்று சாப்பாட்டு நேரத்தில் நான் பெருமையாக ஆரம்பித்தால், செல்லம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்கிறாள்: "ஏங்க, அது உங்களாலயா, உங்கள மீறியா?"