யாருக்கும் புரியாத திரை

“மறுபடியும் உதவி பட்டன அழுத்திட்டாங்க லா!”

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மாணிக்கம் கல்லாவிலிருந்தே கத்தினார். ஆர்டர் எடுக்கும் புதுத் திரையின் முன் நின்ற அம்மாளிடம் பணியாளர் சுசீலா ஓடினாள்.

திரையை வடிவமைத்த வர்ஷா தூணோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். பார்ப்பதுதான் அவள் வேலை. குறுக்கே போய்ச் சொல்லிக் கொடுக்கக்கூடாது என்பது அந்தத் தொழிலின் விதி.

“உன் மெஷின் யாருக்கும் புரியலம்மா. சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் கழட்டி எடுத்துட்டுப் போயிடு,” என்றார் மாணிக்கம் அவளிடம்.

வர்ஷாவை நம்பி நிறுவனம் கொடுத்த முதல் வேலை இது. திரை போனால் வேலையும் போகும்.

பயன்படுத்துபவர் மேல் தப்பே கிடையாது, தப்பெல்லாம் வடிவமைப்பில்தான் என்று படித்தவள் அவள். மடிக்கணினியைத் திறந்து எழுத்துகளைப் பெரிதாக்கினாள். தோசைக்கும் பரோட்டாவுக்கும் படம் போட்டாள்.

உதவி கேட்பவர்கள் இன்னும் அதிகமானார்கள்.

உதவி பட்டனைச் சின்னதாக்கி, சாம்பல் நிறமடித்து, மூலைக்குத் தள்ளினாள். ஜனங்கள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடினார்கள். வரிசை வாசலைத் தாண்டியது.

“என்னம்மா பண்ணித் தொலைச்ச?” என்றார் மாணிக்கம்.

வேறு வழியில்லாமல் பட்டனை இன்னொரு பக்கத்துக்குள் ஒளித்து வைத்தாள். ஒருவர் அதையும் கண்டுபிடித்து, முன்பின் தெரியாத அடுத்த ஆளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். வர்ஷாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது கப்பல் பட்டறையில் வேலை செய்யும் சின்னராசு வந்தார். மீன் சாப்பாட்டைத் தொட்டார், பணம் கட்டினார், டோக்கனும் வந்துவிட்டது. ஒரு தடுமாற்றமும் இல்லை. பிறகு நிதானமாக அந்த ஒளித்த பக்கத்துக்குள் போய் உதவியை அழுத்தினார்.

வர்ஷா விதியை மறந்து எழுந்து ஓடினாள்.

“அண்ணே, எல்லாம் சரியாத்தான பண்ணீங்க? அப்புறம் எதுக்கு உதவி? மனசுல ஓடுறத அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்க, ப்ளீஸ்.”

சின்னராசு கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மெஷின்ல ஒரு குறையும் இல்ல மேடம். உதவி அழுத்துனவங்க பாவம், சிரமப்பட்டுட்டாங்கன்னு முதலாளி ஆளுக்கொரு கப் பாயாசம் ஓசியில குடுக்கச் சொல்லியிருக்காரு!”