முழு மதிப்பெண் வாங்கித் தலைகுனிந்தேன்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. உன் வீட்டில் எல்லோருடைய சுகத்தையும் விசாரித்ததாக எடுத்துக்கொள். விசாரிக்கிற முகம் எனக்கு இப்போது இல்லை.

போன வருடம் நீ முடியாமல் கிடந்து, உன்னைக் குளிப்பாட்ட அரசாங்கம் ஆள் அனுப்பியபோது, சம்பந்தி வீட்டார் முன்னால், "ஊரார் வரிப்பணத்துல முதுகு தேய்ச்சுக்கிறியே, வெக்கமா இல்லையாடா?" என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "நான் கட்டின வரியில எத்தனை பேர் தேய்ச்சுக்கிட்டாங்களோ, இப்ப என் முறைக்கா" என்றாய். அன்று முழுக்க உன்னைக் காய்ச்சி எடுத்தேன்.

எனக்கு இடுப்பு பிடித்து நாலு மாதமாகிறது. மருமகள்தான் காலையில் என்னைத் தூக்கி, குளிப்பாட்டி, உடுத்திவிட்டு அச்சகத்துக்கு ஓடுகிறாள். தினமும் தாமதம். நேரத்துக்கு வா, இல்லையென்றால் வேலையை விடு என்று முதலாளி சொல்லிவிட்டார். உனக்கு வந்ததுபோல எனக்கும் ஆள் கேட்டு அவள் அரசாங்கத்துக்கு மனுப் போட, ஒரு அதிகாரிப் பெண் படிவத்தோடு வந்தாள். கேள்விக்குக் கேள்வி மதிப்பெண் என்றாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் ஐந்து வருடமும் நான்தானே முதல்! விடுவேனா?

"நீங்களே குளிப்பீங்களாம்மா?"

"ஓ, ரெண்டு வேளையும்!"

"படி ஏறுவீங்களா?"

"எத்தனை படி வேணும்?"

"அத்தை, அத்தை" என்று மருமகள் பின்னாலிருந்து கிள்ளினாள். பரீட்சையில் சொல்லிக்கொடுப்பது தப்பென்று அவள் கையைத் தட்டிவிட்டு, ஒற்றைக் காலில் நின்றும் காட்டினேன். அதிகாரி வாசலைத் தாண்டியதும் கட்டிலில் விழுந்த நான் இரண்டு நாள் எழவில்லை. மதிப்பெண் கூடினால் உதவி கிடையாதாம், தம்பி. எனக்கு முழு மதிப்பெண்.

மருமகள் வேலையை விடுவதற்குக் கடிதம் எழுதி, "பிழை இருக்கா பாருங்கத்தை" என்று என்னிடமே நீட்டினாள். ஒரு பிழைகூட இல்லை. ஊரார் தயவு வேண்டாமென்ற என் வீறாப்புக்கெல்லாம் அவள் ஒருத்திதான் வரி கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வயதானவர்களின் பாரத்தை ஊரே கூடித்தான் சுமக்க வேண்டும் என்று நீ சொன்னது சரி. உன்னைப் பேசியதற்கு மன்னித்துக்கொள். அவள் கடிதத்தை என் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டேன்; என்னை மறுபடி வந்து பார்க்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறோம். இந்த முறை உள்ளதை உள்ளபடி சொல்வேன், சத்தியம்.

நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகையில் அதே அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டு, "இப்ப எப்படிம்மா இருக்கீங்க?" என்றாள். "எனக்கென்ன, கல்லுக்குண்டாட்டம் இருக்கேன்!" என்று வாய் சொல்லிவிட்டது. மருமகள் பக்கத்திலேயே நின்றாள். நீ பதில் எழுதிக்கொண்டிருக்காதே. நேரே வந்து என் வாயைப் பொத்து.