புல்தரை போட்டவர்

மனிதர்களில் 'புல்தரை போட்டவர்' என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். "சௌக்கியமா?" என்று கேட்டால், "பத்தை பதிச்சதிலேர்ந்து சௌக்கியம்" என்பார். தேங்காய்ப் பத்தை அல்ல. மண்ணும் வேருமாகச் சதுரம் சதுரமாகப் பெயர்த்தெடுத்து விற்கிறார்களே, அந்தப் புல் பத்தை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்த ஃபோர்மேன் உத்தமன் இந்த இனத்தின் திலகம். மனைவி கஸ்தூரி வெண்டை போட்டிருந்த முன்பக்கத்து நிலத்தைக் கொத்தித் தள்ளிவிட்டு, பூந்தமல்லி நர்சரியிலிருந்து ஒரு டெம்போ பத்தை கொண்டுவந்து இறக்கினார். அன்று முதல் பால்காரர், மீட்டர் பார்க்க வந்தவர், துக்கம் விசாரிக்க வந்தவர் என்று யார் வந்தாலும் பாடம் ஒன்றுதான்: விதை போட்டால் எறும்பு இழுக்கும், குருவி கொத்தும், தப்பியதை மழை அடித்துக்கொண்டு போகும், பத்தையோ காலையில் பதித்தால் சாயங்காலமே பச்சை, களை எட்டிப் பார்க்காது, புழுதி பறக்காது, மண் அரிக்காது. அத்தனையும் உண்மை. அதுதான் கொடுமை.

"பாய் மாதிரி விரிச்சாப் போதும்" என்பார்.

"அப்ப உக்காரலாமா?" என்றாள் கஸ்தூரி.

"வேர் பிடிக்கட்டும்."

இரண்டு மழைக்காலம் போயிற்று. வேர் இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகளின் பந்து விழுந்தால் ஒட்டடைக் கம்பால் தள்ளிக் கொடுப்பார். அவரே சுவரோரமாகப் பக்கவாட்டில்தான் நடப்பார்.

விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் குவார்ட்டர்ஸ் தோட்டப் போட்டி. போன வருஷம் ஆறுதல் பரிசாகப் பிளாஸ்டிக் குடம் வாங்கியவருக்கு இந்த வருஷம் கோப்பை வேண்டும். கிடைக்காவிட்டால் ஃபாக்டரியில் எந்த முகத்தோடு நிற்பது? ஆகவே தெருவெல்லாம் கேட்கும்படி சொல்லிவைத்தார்: "இது கண்ட புல் இல்லீங்க. அருகு! புள்ளையாருக்குச் சாத்துற ஜாதி!"

நுணலும் தன் வாயால் கெடும்.

சதுர்த்தி காலையில் கதவைத் திறந்தால் வாசலில் தெருவே நின்றது. முன்னால், கையில் தாம்பாளத்துடன் பக்கத்து வீட்டு நாகம்மாள்.

"இன்னா அண்ணாத்தே, அருகம்புல்லு உங்க ஊட்லயே கீதுன்னு நீங்கதானே சொன்னீங்கோ? ரெண்டு கிள்ளிக்கிறேன்."

"வேர்..." என்று ஆரம்பித்தார் உத்தமன்.

"வேரு வாணாம் அண்ணாத்தே, நுனி போதும்."

சாமி காரியத்துக்கு இல்லை என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள், உட்கார்ந்து கிள்ளினார்கள், போகும்போது அவருக்குப் புண்ணியம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். கூட்டம் கலைந்தபோது புல்தரை அவசரத்தில் சவரம் செய்த தாடை போல இருந்தது. ஒரு மூலை மட்டும் தப்பியிருந்தது. உத்தமனுக்கு அழுகையே வந்தது.

"நம்ம புள்ளையாருக்கும் ஒரு கைப்பிடி கிள்ளிட்டு வாங்க" என்று உள்ளேயிருந்து கஸ்தூரி குரல் கொடுத்தாள்.

உத்தமன் அந்த மூலைக்குப் போனார். குனிந்தார். கை போகவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆவடி மார்க்கெட்டுக்கு மிதித்து, ஒரு கட்டு அருகம்புல் வாங்கி வந்தார்.

"மார்க்கெட்லயா வாங்கினீங்க?"

"ஃப்ரெஷ்ஷா இருந்துச்சு."

மறுநாள் கோப்பை நாகம்மாள் வீட்டு ரோஜாச் செடிக்குப் போனது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் செட் அலமாரியில் இருக்கிறதல்லவா, அதை எடுத்து அதில் ஒரு வாய் காபி குடியுங்கள். "இன்றைக்கு எதற்கு, யாராவது வரட்டுமே" என்கிறீர்களா?

சரிங்க, உத்தமன் சார்.