சேற்றில் படுத்த பாரமானி

பூமிக்கு வலிக்குமே என்று யோசித்து யோசித்துக் கால் வைத்த மனிதர், செங்கல்பட்டு தாலுகா முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். எங்கள் பள்ளிக்கூடத்து இயற்பியல் லேப் அட்டெண்டர் அவர். காற்றின் அழுத்தத்தை அளக்கும் பாரமானியைத் தினமும் துடைத்துத் துடைத்து, அந்தப் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. மாதாமாதம் அதை டைப் அடித்த எனக்கே இப்போது ஞாபகம் இல்லை.

எழுபதுகளின் நடுவில் நான் அங்கே ஜூனியர் கிளார்க். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் பையைப் பிடுங்கிக்கொண்டார்.

"கைப்பிடி இன்னா இம்மாம் மெல்லிசா கீது? வெரலை அறுத்துடும் சார்."

சாயங்காலம் பை திரும்பி வந்தபோது கைப்பிடியில் ஒரு பழைய காக்கி டிரவுசரின் பாதி சுற்றியிருந்தது.

இன்னொரு நாள் ஹெட்மாஸ்டரின் நாற்காலிக் கால்கள் தரையைக் குத்துகின்றன என்று, நாலு காலுக்கும் பிஸ்கட் டின் மூடி வைத்தார். ஹெட்மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே வாசல் வரைக்கும் போனார். அதற்கு ஒரு மெமோ. பிறகு ஆய்வுக்கு வந்த அதிகாரியின் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு, நூற்றுக்கணக்கான ஆணி அடித்த பலகையில் மல்லாந்து படுத்து, "ஒரு ஆணின்னா குத்தும், இத்தினி ஆணின்னா குத்தாது. மேல ஏறி நில்லுங்க சார்" என்றார். அதிகாரி காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அதற்கும் ஒரு மெமோ. இரண்டையும் டைப் அடித்தவன் நான்தான். பாரமானி இரண்டாவது மெமோவை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"புள்ளி வெச்ச எடமெல்லாம் ஓட்டை கீது பாருங்க. பரப்பு சின்னது, அழுத்தம் ஜாஸ்தி. மெதுவா தட்டுங்க சார்."

அப்படிப்பட்டவர்தான் எனக்குப் பெண் பார்த்துச் சொன்னார். சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் அவருடைய சொந்த ஊர். அங்கே தெரிந்த குடும்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான், என் தாய்மாமா, பாரமானி மூவரும் பஸ் ஏறினோம். எனக்குப் புது பெல்பாட்டம். மாமாவின் பையில் பூ, பழம், பித்தளைத் தாம்பாளம். ஞாயிறு நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பெண் வீட்டு வாசலை மிதித்துவிட வேண்டும் என்பது மாமாவின் கட்டளை.

பஸ் வழியிலேயே படுத்துவிட்டது. இறங்கி நடந்தோம். உப்பங்கழிக் கரைக்கு வந்தபோது மணி நாலு அடித்து ஐந்து நிமிஷம். எதிர்க்கரையில் பெண் வீட்டு ஓடு தெரிகிறது. பாலத்தைச் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். கழியில் தண்ணீர் வடிந்து, கறுப்பாகத் தரை கிடந்தது.

"குறுக்கே போயிடலாம்டா" என்றார் மாமா.

"அது தரை இல்ல சார்" என்றார் பாரமானி.

"ராகு காலம் உங்க லேபைக் கேட்டுக்கிட்டா வருது? நீ எறங்குடா."

இறங்கினேன். பத்தடி நன்றாகத்தான் இருந்தது. பதினோராவது அடியில் வலது கால் முழங்கால் வரை போயிற்று. அதை இழுக்க இடது காலை ஊன்றினேன், அதுவும் போயிற்று. இழுக்க இழுக்க இறங்கினேன். தொடை வரை வந்த பிறகுதான் பயம் வந்தது.

கரையில் வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏத்தத்தண்ணி வந்துகினு கீது. சீக்கிரம் தூக்குங்கப்பா. போன வருசம் ஒரு எருமை இங்கதான் மாட்டிக்கிச்சு."

"அப்புறம்?" என்றேன் அங்கிருந்தே.

"கொஞ்ச நேரம் கொம்பு தெரிஞ்சிது" என்றார் அவர்.

முகத்துவாரத்துப் பக்கமிருந்து பளபளவென்று ஒரு தகடு சேற்றின் மேல் நகர்ந்து வந்தது. தண்ணீர். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போனார். பாரமானி அவரைப் பிடித்துக் கரையில் உட்கார வைத்தார்.

"நீங்க வந்தா ரெண்டு பேரை இழுக்கணும். தாம்பாளத்தைக் குடுங்க."

"அது பொண்ணு வீட்டுக்குப் போற தட்டுய்யா."

"மாப்பிள்ளையும் போவணும் இல்ல?"

பழங்களை மாமாவின் துண்டில் கவிழ்த்துவிட்டு, பாரமானி சேற்றில் குப்புறப் படுத்தார். தாம்பாளத்தை முன்னால் தள்ளித் தள்ளி, வயிற்றால் ஊர்ந்து வந்தார். மீனவர் வீசிய கயிறு என் கைக்கு எட்டவில்லை. அதற்குள் தண்ணீர் என் இடுப்பைத் தொட்டுவிட்டது.

"நைனா, நிக்காத. படு. தட்டு மேல நெஞ்சை வை."

"பேண்ட் புதுசு அண்ணாத்த."

இதை நான் சொன்னேன் என்று எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"அழுத்தம்னா இன்னா, சொல்லு" என்றார் அவர் நிதானமாக.

"விசை... பரப்பு..."

"பெருக்கலா, வகுத்தலா?"

"வகுத்தல்."

"தெரிஞ்சிகினே நிக்கிறியே நைனா."

சாய்ந்தேன். தட்டு அரை விரல் அமுங்கி நின்றது. உடம்பு கீழே போவது நின்றுவிட்டது. ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. இப்போது என் தாடையை நனைத்தது. காலை இழுத்தேன். அடியில் யாரோ பிடித்திருப்பது போல இருந்தது.

"இழுக்காத, ஆட்டு. காலுக்கு அடியில தண்ணி பூந்தாத்தான் சேறு வுடும்."

ஆட்டினேன். வலது கால் ஷூவை உள்ளேயே விட்டுவிட்டு வெளியே வந்தது. இடது கால் வரவில்லை. ஒரு வாய் உப்புத் தண்ணீர் குடித்துவிட்டேன். கரையில் மாமா, கடிகாரத்தை மறந்துவிட்டு, என் அம்மாவின் பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்.

பாரமானி எனக்குப் பக்கத்தில் வந்து நீட்டிப் படுத்தார்.

"என் முதுகுல ரெண்டு கையும் ஊனு. நல்லா அமுக்கு."

"நீங்க உள்ள போயிடுவீங்களே அண்ணாத்த."

"நான் படுத்துனு இருக்கேன். பரப்பு ஜாஸ்தி, ஒண்ணும் ஆவாது. அமுக்கு."

அமுக்கினேன். கால் வந்தது. கயிற்றை எட்டிப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தால் பாரமானியின் முதுகு மட்டும் தெரிந்தது, தலை தெரியவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன். முகம் முழுக்கச் சேறோடு மேலே வந்து, துப்பி, மூச்சு வாங்கினார். மீனவரும் மாமாவும் கயிற்றை இழுத்து இருவரையும் கரை சேர்த்தார்கள்.

ராகு காலம் முழுவதும் கரையில்தான் உட்கார்ந்திருந்தோம். இந்தக் கோலத்தில் எந்த வீட்டுக்குப் போவது? கொண்டுவந்த வாழைப்பழங்களை நாங்களே சாப்பிட்டோம். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமா தூங்கிவிட்டார். எனக்கு ஒரு கணக்கு மட்டும் உதைத்துக்கொண்டே இருந்தது.

"அண்ணாத்த, நான் அமுக்குனா உங்க மேல ரெண்டு ஆள் பாரம். பரப்பு ஒரு ஆளுது. நீங்க முழுகித்தானே ஆகணும்?"

"ஆமா. நாலு வெரக்கடை முழுவுவேன்னு கணக்குப் போட்டேன். சரியா இருந்திச்சு."

"மூக்கு?"

"மூக்குக்கும் சேத்துதான்" என்றார். "அதான் முன்னாடியே மூச்சைப் புடிச்சிக்கினேன்."

பிறகு காதுக்குள் சேறு குடைய ஆரம்பித்தார். விடை தெரிந்தே எனக்காக மூழ்கியவர் அவர் ஒருவர்தான். அந்த பஸ்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். செங்கல்பட்டு வரும்வரை விடவில்லை.