கணக்குக்கு மூன்று விசில்

நேரத்தைக் கடிகாரம் பார்த்து அளப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குக்கர் விசிலை எண்ணி அளந்த ஒரே மனிதர் இந்த உலகத்திலேயே கருவடிக்குப்பத்தில், எங்கள் பக்கத்து வீட்டில்தான் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஏதோ ஒன்று இருந்தது. தெருவுக்கு அவர் விசில் வாத்தியார். பால்காரர் முதல் கேபிள்காரர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவரும் மறுப்பில்லாமல் திரும்பிப் பார்ப்பார்.

வாத்தியார் என்றதும் ஏதோ பள்ளிக்கூடத்தில் வேலை என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சுக் காகிதங்களைத் தமிழாக்குவதும் தமிழ்க் காகிதங்களைப் பிரெஞ்சாக்குவதும் அவர் தொழில், அதுவும் வீட்டிலிருந்தபடியே. மாணவி ஒரே ஒருத்தி, மகள் கயல். நான்காம் வகுப்போடு அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, தானே பாடம் நடத்த ஆரம்பித்திருந்தார். மனைவி செல்வி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு வாரம் பகல் ட்யூட்டி என்றால் மறு வாரம் ராத்திரி.

சமையல், மொழிபெயர்ப்பு, பாடம், மூன்றும் ஒருத்தர் தலையில். ஆரம்பத்தில் கலர் கலராகக் கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினார். முதல் வாரமே பின்னம் சொல்லிக்கொடுத்த நேரத்தில் பருப்பு அடிப்பிடித்து, தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாமா என்று தெருவே யோசித்தது. அந்தப் புகையில்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. பாடத்தையும் அடுப்பையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்.

சாதம் வைத்தால் கணக்கு, மூன்று விசில். பருப்பு வைத்தால் தமிழ், நாலு விசில். கொண்டைக்கடலை என்றால் வரலாறு, மன்னர்கள் வரிசையாகச் செத்துக்கொண்டே இருப்பார்கள். கறி எடுத்த அன்று பிரெஞ்சு இலக்கணம். இரண்டும் லேசில் வேகாது என்பார். கடைசி விசில் அடங்கியதும் அடுப்படியிலிருந்து ‘ரெக்ரே!’ என்று ஒரு குரல் வரும். அவர் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்கு அதுதான் பெயராம். கயல் தெருவுக்குப் பறந்து வருவாள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா அதுதான் பிள்ளையின் பெயர் என்று நினைத்து, ரொம்ப நாள் அவளை ரெக்ரே பாப்பா என்றே கொஞ்சிக்கொண்டிருந்தார்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. உப்புமாவுக்கு விசில் கிடையாது, ஆகவே பாடமும் கிடையாது. உப்புமா வேண்டும் என்று அடம்பிடித்து அழுத குழந்தையை நான் பார்த்தது அந்த ஒரு வீட்டில்தான்.

இன்னொரு சிக்கல் நான். எங்கள் அடுப்படியும் அவர்கள் அடுப்படியும் ஒரே சுவர். ஒருநாள் என் குக்கரின் விசிலையும் சேர்த்து எண்ணிவிட்டாள் கயல். கணக்கு பாதியில் நின்றது, சாதம் நறுக்கரிசியாக நின்றது. மறுநாள் காலையில் வாசலில் வந்து பவ்யமாக நின்றார் மனிதர்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க எப்ப குக்கர் வெக்கிறீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா புள்ள படிப்பு கெடாது.”

அதற்கப்புறம் அவர் மகளின் பாடத்திட்டப்படிதான் என் வீட்டில் உலை வைத்தேன். கோபம் வந்தது உண்மை. சில நாள் ஒரே விசிலில் ரெக்ரே என்று குரல் கேட்கும். சரிதான், கேஸ் தீர்ந்திருக்கும் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொள்வேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது செல்வியின் அண்ணன் அரியாங்குப்பத்திலிருந்து போன் செய்தார். பிள்ளையை வீட்டில் உட்கார வைத்து விசில் எண்ண விடுவதா, ஞாயிற்றுக்கிழமை வந்து நானே கேள்வி கேட்பேன், சரியாகச் சொல்லவில்லையென்றால் ஜூனில் பள்ளியில் சேர்ப்பதும் நானே என்று. விசில் வாத்தியார் முகம் தொங்கிவிட்டது. கயல் ஸ்கூலுக்குப் போன காலத்தில் செல்வி அவளைத் தூங்கும்போதுதான் பார்த்தாள், மறுபடி அப்படி ஆகிவிடும் என்று என்னிடம் சொன்னார். அந்த ஞாயிறு மட்டும் குக்கரே வைக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். கடையில் பரோட்டா வாங்கிக்கொண்டேன். சாட்சிக்கு என்னையும் வந்து உட்காரச் சொன்னார்.

அண்ணன் வந்தார். வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஆட்டுக்கறி வாங்கி வந்தார். கறி குக்கரில் ஏறியது. எட்டாம் வாய்ப்பாடு சொல்லு என்றார் கயலிடம்.

“இன்னிக்கு கறி மாமா. கறின்னா பிரெஞ்சுதான்” என்று சொல்லிவிட்டு, அவள் பாட்டுக்கு வினைச்சொற்களை அடுக்க ஆரம்பித்தாள். அண்ணனுக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. ஒவ்வொரு விசிலுக்கும் அவர் முகம் ஒரு சுற்று கறுத்தது. போச்சுடா, ஜூன் நிச்சயம் என்று நான் நினைத்தேன்.

அப்போது தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம். ராத்திரி ட்யூட்டிக்குப் போன செல்வி, அவளை மாற்றிவிட வேண்டிய ஆள் வராததால் தாமதமாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். விசில் வாத்தியார் ஒரே எட்டில் போய் அடுப்பை அணைத்தார். ரெக்ரே என்று கத்தினார். கயல் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

“இன்னா மாப்ள, கறி வேகலியே” என்றார் அண்ணன்.

“அது அப்புறம் வேகட்டும் மச்சான். அவ தூங்கப் போறதுக்குள்ள ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் இருக்கட்டும். இவ்ளோ விசிலும் அதுக்குத்தான்.”

அண்ணன் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். தோள்பையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள் செல்வி. மடியில் ஏறிக்கொண்டு கயல் ஏதோ மூச்சுவிடாமல் சொல்ல, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே விசிலில் ரெக்ரே கேட்ட நாட்களில் கேஸ் தீரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அண்ணன் வேகாத கறியை மென்று தின்றுவிட்டு பஸ் ஏறினார். ஜூனில் பள்ளிக்கூட அட்மிஷன் பேச்சே வரவில்லை. அவரிடமிருந்து ஒரு புதுக் குக்கர்தான் வந்தது, பெரிய சைஸ்.

போன வருடம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நல்ல மனுஷன், எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது என் இஷ்டத்துக்குக் குக்கர் வைக்கிறேன், கேட்க ஆளில்லை. மூன்றாவது விசில் அடங்கியதும் காது தானாகச் சுவர்ப் பக்கம் போகிறது. சாதம் வெந்துவிடுகிறது, ரெக்ரேதான் வருவதில்லை.