இனி குழந்தைகள் விழா!

குழந்தைகளின் பாதுகாப்புக்காக இந்தப் பூமியிலேயே அதிகமான கூட்டம் போட்ட அடுக்ககம் எது என்று யாராவது கேட்டால், அடையாறு காந்தி நகரிலுள்ள எங்கள் 'ஸ்ரீவைகுண்டம் அக்வா'தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். நீச்சல்குளம் ஒன்று, அதற்காகக் கூடிய கூட்டங்கள் பதினேழு. பதினேழிலும் போண்டா உண்டு. செயலாளராகிய நான் போண்டா உள்பட எல்லாவற்றையும் 'மினிட்ஸ்' எழுதி வைத்திருக்கிறேன்.

கூட்டங்களின் பயனாகக் குளத்தைச் சுற்றி ஒரு வேலியும் ஒரு கேட்டும் வந்தன. சாதாரண கேட் அல்ல. கையை விட்டால் தானே சாத்திக்கொள்ளும். தாழ்ப்பாள் ஐந்தடி உயரத்தில். என் மகள் மஹதிக்கு மூன்று வயது, மூன்றடி உயரம். எக்கிக் குதித்தாலும் எட்டாது.

கேட் மாட்டியது மார்கழி இரண்டாம் தேதி. மாட்டியவர் கையை எடுக்கப் போனார். "நிறுத்துங்கோ!" என்று அலறினார் எங்கள் சங்கத் தலைவர் சுவாமிநாதன் மாமா.

"இன்னும் திறப்பு விழாவே ஆகலை. அதுக்குள்ள சாத்தினா அதுக்குப் பேரு மூடுவிழா! புதுசா ஒண்ணை வாங்கிட்டு மொதக் காரியமா யாராவது மூடுவாளா?"

"அப்போ இன்னிக்கே திறந்துடலாமே மாமா?" என்றேன்.

"மார்கழியிலயா? நன்னாருக்கு! தவிர, நம்ம சீஃப் கெஸ்ட் தை பொறக்கற வரைக்கும் மயிலாப்பூர்ல சபா கேன்டீனை விட்டு நகர மாட்டார்."

மறுக்க முடியாத வாதம். ஆகவே பதினெட்டாவது கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானித்தோம்: பாதுகாப்பை முன்னிட்டு, பாதுகாப்புக் கேட்டைத் திறந்தே வைப்பது. நைலான் கயிற்றால் அதை வேலியோடு இழுத்துக் கட்டினோம். வாசலுக்குக் குறுக்கே, மூன்றரை அடி உயரத்தில், சிவப்பு ரிப்பன். மேலே அடியேன் இயற்றிய பேனர்: 'இனி குழந்தைகள் விழா!' விழா என்றால் கொண்டாட்டம். பழைய தமிழில் 'விழமாட்டா' என்றும் பொருள். மாமா என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஒரே இடைஞ்சல் புஷ்பம். சைதாப்பேட்டையிலிருந்து வந்து எங்கள் வளாகத்தைப் பெருக்குகிறவள். தினமும் காலையில் கயிற்றை அவிழ்த்துக் கேட்டைச் சாத்திவிடுவாள். குழந்தைகளைக் கண்காணிக்க வாங்கிய கேமராவில் அவளைக் கையும் களவுமாகப் பிடித்து மெமோ கொடுத்தேன்.

"இன்னாத்துக்கு சார் கேட்டு போட்டீங்க? சாத்தறதுக்குத்தானே?"

"விழா முடியட்டும் புஷ்பம்."

"கொயந்தைக்கு இன்னா தெரியும் சார்? விழா முடிஞ்சப்புறம் தண்ணில வுயலாம்னு குந்திக்கினு இருக்குமா?"

எதிர்த்துப் பேசியதற்காக இரண்டாவது மெமோ கொடுத்தேன்.

தை பிறந்தது. நாதஸ்வரம், கேசரி, பொன்னாடை. ஓய்வுபெற்ற உயரதிகாரியான சீஃப் கெஸ்ட், 'பிள்ளைகள் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும்' என்று நாற்பது நிமிடம் பேசினார். எங்கள் கண்கள் கலங்கின. பிறகு கத்தரிக்கோலோடு அவரை நடுவில் நிறுத்தி, எல்லோரும் குளத்துக்கு முதுகைக் காட்டி, ரிப்பனுக்கு முன்னால் வரிசையாக நின்றோம்.

"எல்லாரும் கேமராவையே பாருங்க!" என்றார் போட்டோகிராஃபர். "செக்ரட்டரி சார், பொன்னாடையை ரெண்டு கையாலயும் பிடிங்க!"

மஹதியின் கையை விட்டேன்.

'க்ளிக்.' பின்னாலேயே 'தொபுக்' என்றது. யாரோ கைதட்டுகிறார்கள் என்று நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். மறுபடி, பெரிதாக ஒரு 'தொபுக்'. திரும்பினால் கேசரித் தட்டு தரையில் கிடந்தது. புஷ்பம் சேலையோடு கழுத்தளவு தண்ணீரில். தலைக்கு மேல் தூக்கிய கைகளில் என் மகள்.

மஹதி இருமினாள், தின்ற கேசரியைக் கக்கினாள், அப்புறம் வீறிட்டு அழுதாள். மார்கழி முழுக்கக் கேட்ட எந்தக் கச்சேரியும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. பொன்னாடையை அவளுக்குப் போர்த்தினேன். சீஃப் கெஸ்டிடமிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்கிக் கயிற்றை வெட்டினேன். கேட் தானே சாத்திக்கொண்டது. அதற்கு இரண்டு விநாடிதான் ஆயிற்று.

மாலையில் பத்தொன்பதாவது கூட்டம். போண்டா இருந்தது. 'பணியாளர்கள் குளத்தில் இறங்கக்கூடாது' என்ற விதிப்படி புஷ்பத்துக்கு மூன்றாவது மெமோ தயாராகி, கையெழுத்துக்காக என்னிடம் நீட்டப்பட்டது. பேனா எழுதவில்லை என்று சொல்லிவிட்டேன்.

"போட்டோ பிரமாதமா வந்திருக்கு குரு," என்றார் மாமா என்னிடம். "ஓரத்துல புஷ்பம்தான் கெடுத்துட்டா. அத்தனை பேரும் கேமராவைப் பார்க்கறோம், இவ மட்டும் எங்கேயோ பார்த்துண்டு நிக்கறா. வெட்டிட்டு, ஃப்ரேம் போட்டு கேட்லயே மாட்டிடுங்கோ."

தலைவர் சொல்லை நான் என்றுமே தட்டியதில்லை. அதே கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன். முதலில், பொன்னாடையைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நின்றவனை. பிறகு மற்ற இருபது பேரையும். இப்போது கேட்டில் தொங்கும் படத்தில் புஷ்பம் அம்மா மட்டும், கையில் கேசரித் தட்டோடு, குளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கீழே எழுதியிருக்கிறேன்: 'குழந்தைகள் பாதுகாப்புக் குழு. மொத்த உறுப்பினர்கள்: ஒருவர்.'