தேள்கள் திருத்திய பாட்டு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள். என் கதைக்கு யாரும் எழுந்து நிற்கத் தேவையில்லை. இந்த உலகத்தில் சட்டத்தை அடியோடு துறந்த மாவீரர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேரும் என் சலவைக்கடையில்தான் காலுறை துவைத்தார்கள். வரலாறு எழுதுகிறவர்கள் இதை விட்டுவிட்டார்கள். நான் விடமாட்டேன்.

கலிபோர்னியாவில் கால்டர் வெல்ஸ் எங்கள் ஊர். மலையைத் தாண்டினால் வெயில், வெயிலைத் தாண்டினால் பாலைவனம். எழுபத்தொன்றாம் வருஷம். 'சபிக்கப்பட்ட தேள்கள்' மோட்டார் சைக்கிள் சங்கம் புதன்கிழமைதோறும் மதியம் சரியாக மூன்று மணிக்கு என் கடையில் கூடும். பீர்க்கடையில் கூடினால் 'நிகழ்ச்சிநிரல் சிதறுகிறது' என்று தீர்மானம் போட்டிருந்தார்கள்.

தலைவர் பெயர் எலும்புமுறி. அம்மா வைத்த பெயர் ஆர்வில். செயலாளர் பெயர் விஷம். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார், தட்டச்சுக்கு ஆறு விரல் பயன்படுத்துவார். எங்கள் ஊர்க் காவல் அதிகாரி ஷெரீப்பின் விதிப்புத்தகம் பன்னிரண்டு பக்கம். தேள்களின் விதிப்புத்தகம் நாற்பத்தெட்டு. விதி மூன்று: தேள் படம் தைத்த தோல் சட்டையைச் சாகும்வரை துவைக்கக் கூடாது. மற்றதெல்லாம் துவைக்கலாம், கஞ்சியும் போடலாம்.

விதி ஏழு: கூட்டத்தில் பெண்கள் இருக்கக் கூடாது. கடையோ என்னுடையது, நான் எங்கே போவேன்? அதற்கும் வழி கண்டார்கள். வாரம்தோறும் கூட்டம் தொடங்கியதும், "ஆல்மா இங்கே இல்லை" என்று ஒரு தீர்மானம். ஒருமனதாக நிறைவேறும். நானும் கை தூக்குவேன்.

இப்படிப்பட்ட சுதந்திர புருஷர்கள்மேல் மயங்கிப்போனவன் டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ். எதிர்ச்சாரியில் செருப்புக்கடை விற்பனையாளன். முப்பது வயது. ஒருநாள் எலும்புமுறியின் காலில் பூட்ஸ் மாட்டிவிட்டான். அந்தக் காலில் ஒட்டியிருந்த புழுதியின் வாசனையிலேயே ஒரு ராக் பாட்டு எழுதிவிட்டான்.

*சட்டம் எனக்குத் தூசு – என்
சக்கரம் போனதே பாதை!
கேட்க எவனும் இல்லை – நான்
கிளம்பிவிட்டேன் தனியே!*

ஒலிநாடாவில் பதிந்து லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு இசைத்தட்டு நிறுவனத்துக்கு அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சந்தையில் பாடு, நேரில் வந்து கேட்கிறேன், பிடித்தால் ஒப்பந்தம் என்று அங்கிருந்து ஒருவர் பதில் எழுதிவிட்டார். டெல்பர்ட்டுக்குச் செருப்பிலிருந்து விடுதலை. ஆனால் தேள்களைப் பற்றிய பாட்டைத் தேள்களின் அனுமதியில்லாமல் பாடினால் கிதார் உடையும், பிறகு விரல் உடையும். எந்த வரிசையில் என்பதுகூட விதியில் இருந்தது.

புதன்கிழமை கிதாரோடு வந்து பாடிக் காட்டினான். துவைக்கும் இயந்திரங்கள்கூட நின்றுவிட்டன. எலும்புமுறி மூக்கைச் சிந்தினார்.

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா 'தனியே'ன்னு போட்டிருக்கியே, அது எப்படி?"

"ஒரு சுதந்திரம்தாண்ணே..."

"விதி பதினாலு," என்றார் விஷம். "ரெண்டு ரெண்டு பேராத்தான் போகணும். தலைவர் இடது பக்கம், முன்னால. தனியா போனா ஒரு மாசம் விலக்கு."

"'கேட்க எவனும் இல்லை'ன்னா என்னடா அர்த்தம்? அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் தலைவர்.

"ஊரை விட்டுப் போறதுன்னா மூணு நாள் முன்னால எழுதிக் குடுக்கணும்," என்றார் விஷம். "ரெண்டு பிரதி."

"அண்ணே, 'சட்டம் தூசு'வாவது இருக்கட்டுமே!"

"எந்தச் சட்டம்? அரசாங்கத்துதா, நம்மளுதா? தெளிவா எழுதுடா. நாளைக்கு எவனாவது தப்பா எடுத்துக்குவான்."

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார் தலைவர், கனிவாக.

"பார்க்கத் தெரியும்ணே."

மூன்று மணி நேரம், பதினொரு திருத்தங்கள், ஒரு துணைக்குழு. ஞாயிற்றுக்கிழமை வெயிலில், ஊரே கூடியிருக்க, டெல்பர்ட் கிதாரை அறைந்து அறைந்து பாடினான்:

*அரசின் சட்டம் மட்டும் தூசு – சங்க
விதிகள் நீங்கலாக!
மூன்று நாள்முன் எழுதித் தந்தோம் – நாங்கள்
இரண்டிரண்டாய்க் கிளம்பினோம்!
தலைவர் இடப்பக்கம்! ஓ, இடப்பக்கம்!*

தேள்கள் பன்னிரண்டு பேரும் தேம்பி அழுதார்கள். லாஸ் ஏஞ்சலிஸ்காரர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க அனுப்பின பாட்டு எங்கே சார்? இது போக்குவரத்துத் துறை விளம்பரமா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை சங்கம் ஒரு மாபெரும் கௌரவத்தை வழங்கியது. அந்தப் பாட்டு இனி சங்கத்தின் 'அதிகாரபூர்வ கீதம்'. பழைய வரியோ புதிய வரியோ, எழுந்து நின்று, தேள் படத்தைத் தொட்டுக்கொண்டு, உறுப்பினர்கள் மட்டுமே பாடலாம்.

"அண்ணே," என்றான் டெல்பர்ட், "நான் உறுப்பினர் இல்லையே."

"அதனால என்னடா? ஒரு வருஷம் தகுதிகாண் காலம். வண்டி துடை, பீர் வாங்கிட்டு வா, அக்கா கடைத் தரையைத் துடை. அப்புறம் உன் பாட்டை நீயே பாடலாம். யார் தடுக்கப்போறா?"

துடைத்தான், கண்ணுகளா. எட்டு வாரம் என் தரையைத் துடைத்தான். வாயைத் திறந்து முனகக்கூட அனுமதியில்லை. ஒன்பதாவது புதன்கிழமை, வழக்கம்போல, நான் அங்கே இல்லை என்று ஒருமனதாக முடிவான பிறகு, காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டே சும்மா முணுமுணுத்தேன்.

*கேட்க எவனும் இல்லை – நான்
கிளம்பிவிட்டேன் தனியே...*

விஷம் துள்ளி எழுந்தார். "ஒழுங்குப் பிரச்சினை, தலைவரே! யாரோ கீதம் பாடுறாங்க! அதுவும் உட்கார்ந்துக்கிட்டு!"

"யாருய்யா?"

"ஆல்மா அக்கா."

"அவங்கதான் இங்க இல்லையே! இப்பத்தானே கை தூக்கினோம்?"

"இல்லாத ஆளுக்கு எந்த விதியில தண்டனை?"

நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் புரட்டத் தொடங்கினார்கள். நான் இன்னும் சத்தமாகப் பாடினேன். டெல்பர்ட் என்னைப் பார்த்தான். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். கதவைத் திறந்து வெயிலில் இறங்கி, பேருந்து நிலையம் பக்கமாக நடந்தான். தனியே. எழுதித் தராமல். பாடிக்கொண்டே.

பன்னிரண்டு முதுகில் 'சட்டத்துக்கு அடங்காதவர்' என்று தைத்திருந்தது. அன்று அடங்காமல் போனவன் முதுகில் செருப்புக்கடைப் பெயர்தான் இருந்தது. திருத்திய கீதத்தைச் சங்கத்தின் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். இன்றும் அங்கேதான் கிடக்கிறது. எங்கள் ஷெரீப் பதவியிலிருந்த காலமெல்லாம் ஒருவரையும் ஆயுளுக்கு உள்ளே தள்ளியதில்லை. ஒரு சுதந்திரப் பாட்டைப் பிடித்து ஆயுள் தண்டனை கொடுத்த பெருமை, என் மாவீரத் தேள்களையே சேரும்.

உங்கள் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கட்டும், கண்ணுகளா. காலுறைகள் ஜோடி பிரியாதிருக்கட்டும். யாரையும் கேட்காமல், உட்கார்ந்தபடியே முணுமுணுக்க, உங்கள் வீட்டில் ஆளுக்கொரு பாட்டு இருக்கட்டும்.